மருமகளுக்குக் கவலையில்லை என்றார்கள்

1

“உங்களுக்குக் கவலையில்லை. நீங்க மருமகள்தானே” என்று டாக்டர் இந்தியில் சொன்னார். நான் தலையாட்டினேன். பக்கத்து நாற்காலியில் அத்தை உட்கார்ந்திருந்தார். அவருக்கு இந்தி தெரியாது.

“என்னளா சொல்லுதா?” என்று கேட்டார்.

“ஒண்ணுமில்ல அத்தை. வெளியில போய்ச் சொல்லுதேன்.”

வெளியில் வந்தும் நான் முழுதாகச் சொல்லவில்லை. சொல்லாததைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு.

அத்தை எங்களிடம் டெல்லிக்கு வந்து, சென்ற மாதத்தோடு ஒரு வருஷம் ஆகிறது. மார்பகப் புற்றுநோய். ஆபரேஷன், கீமோ எல்லாம் இங்கே ஒரு பெரிய அரசு ஆஸ்பத்திரியில் முடிந்தது. கட்டியின் வகையைப் பார்த்துவிட்டு, இது பரம்பரையாக வருவதாக இருக்கலாம் என்று தனியாக ரத்தம் எடுத்து அனுப்பியிருந்தார்கள். அதன் முடிவு அன்று வந்திருந்தது. மரபணுவில் ஒரு மாற்றம் இருக்கிறது. அம்மாவிடமிருந்தோ அப்பாவிடமிருந்தோ வந்திருக்கும். கூடப்பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இருந்தால் நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம், ஆனால் வந்தே தீரும் என்றும் இல்லை. ஆகவே அத்தையின் மகனுக்கு, அதாவது என் கணவர் குமாருக்கு, ரத்தம் எடுத்துப் பார்க்கவேண்டும். அவருக்கும் இருந்தால், எங்கள் மகள் நிலா பெரியவளான பிறகு அவளுக்கும் பார்க்கவேண்டும். எனக்கு எதுவும் வேண்டாம், நான் வெளியிலிருந்து வந்தவள்.

ஊரில் இதைப் படிப்பவர்களுக்கு இந்நேரம் விஷயம் புரிந்திருக்கும். அத்தை என்று நான் சொல்வது என் அப்பாவின் கூடப்பிறந்த அக்காவை. குமார் எனக்கு அத்தை மகன். கோவில்பட்டியில் எங்கள் தெருவில் இது ஒரு செய்தியே இல்லை. கல்யாணப் பத்திரிகையைப் பார்த்தவர்கள் “சொந்தத்துலதானா, நல்லது” என்று சொல்லிவிட்டு மண்டபம் எது என்று பார்ப்பார்கள். அத்தைக்கு அவருடைய அம்மாவிடமிருந்து அந்த மாற்றம் வந்திருந்தால், அதே அம்மா பெற்ற என் அப்பாவுக்கும் வந்திருக்கலாம். அப்பாவிடமிருந்து எனக்கு வந்திருக்கலாம்.

டாக்டருக்கு இது தெரியாது. நான் டெல்லிக்கு வந்த ஏழு வருஷத்தில் ஒரே ஒருவரிடம்தான் இதைச் சொல்லியிருக்கிறேன். அந்த ஒரு தடவையே போதும் என்று ஆகிவிட்டது.

2

வந்த புதிது. கோல் மார்க்கெட் பக்கம் குமாருக்கு அரசுக் குடியிருப்பில் வீடு கிடைத்திருந்தது. எதிர் வீட்டில் ரேணு ஆன்ட்டி. எனக்கு இந்தி கற்றுக்கொடுத்ததே அவர்தான். காய்கறிக்காரரிடம் பேரம் பேசும்போது எங்கே ‘பையா’ என்று அண்ணன் முறை போடவேண்டும், எங்கே குரலை உயர்த்தவேண்டும் என்பது வரைக்கும்.

ஒருநாள் பால்கனியிலிருந்து நான் குமாரை “அத்தான்” என்று கூப்பிட்டதைக் கேட்டுவிட்டு, அப்படியென்றால் என்ன என்று கேட்டார். எனக்கு ஒளிக்கத் தோன்றவில்லை. எனக்குத் தெரிந்த இந்தியில் பெருமையாகவே சொன்னேன்: “புவா கா பேட்டா.” அத்தை மகன்.

ஆன்ட்டி கையிலிருந்த பட்டாணியை உரிப்பதை நிறுத்தினார். “அரே, வோ தோ பாய் ஹுவா” என்றார். அவன் உனக்கு அண்ணன் அல்லவா ஆகிறான்.

அவர் ஹரியானாக்காரர். அவர்கள் பக்கம் ஒரே ஊருக்குள்ளேயே பெண் எடுக்கமாட்டார்கள், பாட்டி வழிக் கோத்திரம் வரைக்கும் விலக்கிப் பார்ப்பார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அவர் கெட்டவர் இல்லை. அன்றைக்குக்கூட, “உங்கள் பக்கம் வழக்கம், என்ன செய்வது” என்று எனக்கு ஆறுதல்தான் சொன்னார். ஆனால் எனக்கு எதற்கு ஆறுதல்? அதன்பிறகு மாடியில் வடாம் காயப்போடப் போனால் இரண்டு பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டுச் சிரிப்பார்கள். அண்ணன் தம்பிக்குக் கயிறு கட்டும் ரக்ஷாபந்தன் அன்று ஒருத்தி, “நீ உன் வீட்டுக்காரருக்கே கட்டிவிடலாம், அலைச்சல் மிச்சம்” என்றாள்.

அதோடு சரி. குமாரை ‘என்னங்க’ என்று கூப்பிட ஆரம்பித்தேன், வீட்டுக்குள்ளும்கூட. யாராவது கேட்டால், ஒரே ஊர், வீட்டில் பார்த்து வைத்த கல்யாணம் என்பேன். இரண்டும் உண்மைதான். ஆன்ட்டி அடுத்த வருஷமே வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார். நான் மட்டும் அந்தப் பதிலை விடவில்லை.

3

ஆஸ்பத்திரியில் சேரும்போது எல்லோரையும் ஒரே மாதிரிக் கேள்விகள் கேட்பார்கள். எந்த ஊர், எத்தனை வயதில் கல்யாணம், முதல் பிள்ளை எப்போது, எவ்வளவு காலம் பால் கொடுத்தீர்கள், பீடி உண்டா, புகையிலை உண்டா, விறகு அடுப்பா, வயலில் மருந்து அடிப்பீர்களா. நோயாளிகள் யார், எதனால் வந்திருக்கலாம் என்று ஆராய்ச்சிக்காகவும் எழுதிக்கொள்கிறார்கள் என்று சொன்னார்கள்.

அந்தத் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்தால் கேள்விகளின் காரணம் ஓரளவு புரியும். குட்காவால் வாயைத் திறக்கமுடியாமல் ஸ்ட்ரா வைத்துப் பால் குடிக்கும் ஆண்கள். பீகாரிலிருந்து ரயிலேறி வந்து, வெளி நடைபாதையில் பாய் விரித்துத் தங்கியிருக்கும் குடும்பங்கள். கட்டி இருப்பது தெரிந்தும், புருஷன் வேலைக்கு வெளியூர் போயிருக்கிறான், கூட்டிப்போக ஆளில்லை என்று புண்ணாகும்வரை முந்தானைக்குள் மறைத்து வைத்திருந்த பெண்கள். ஆனால் அதே வரிசையில் என்னைவிடச் சின்னவளாக, மடியில் குழந்தையோடு ஒருத்தி உட்கார்ந்திருப்பாள். அவளுக்கு எந்தக் கேள்வியில் காரணம் கிடைக்கும் என்று தெரியாது.

அத்தையிடம் கேட்டபோது நான்தான் இடையில் மொழிபெயர்த்தேன். “போதைப் பழக்கம் ஏதாவது உண்டா?”

“என்னளா கேக்கா இவ? நான் என்ன சாராயம் குடிக்கவளா?”

“வெத்தல, பொயல மாதிரி அத்தை.”

“கல்யாண வீட்டுல ஒரு வெத்தல போடுவேன். அதுவும் வாய் செவக்குதான்னு பாக்கதுக்கு.”

பத்தொன்பதில் கல்யாணம். அடுத்த வருஷமே குமார், ஒரே பிள்ளை. பிள்ளை தானாக மறக்கும்வரை பால் கொடுத்திருக்கிறார். உடம்பு பருமன் கிடையாது. கேள்வி கேட்ட ஜூனியர் டாக்டர் பெண் எல்லாவற்றுக்கும் ‘அச்சா, அச்சா’ என்றாள். அத்தை என்னிடம், “பரிச்ச பூரா நல்லா எழுதிட்டு ஃபெயிலான மாதிரில்லா இருக்கு” என்றார்.

கடைசிக் கேள்வி, குடும்பத்தில் வேறு யாருக்காவது உண்டா என்பது. அத்தை, “எங்க வீட்டுல ஒருத்தருக்கும் கெடயாது” என்றார். நான் அப்படியே சொன்னேன்.

சொல்லும்போதே எனக்கு ஒரு நெருடல். அத்தையின் அம்மா, என் ஆச்சி, வயிறு வீங்கிச் செத்தார். நான் அப்போது நாலாம் வகுப்பு. வயித்துக்கட்டி என்றார்கள். அத்தைக்கு மூத்த அக்கா ஒருவர் நான் பிறப்பதற்கு முன்பே போய்விட்டார். மாரில் ஆறாத புண்ணாம், எந்த டாக்டரிடமும் காட்டச் சம்மதிக்கவில்லையாம். எங்கள் வீட்டில் யாரும் அந்த நோயின் பெயரைச் சொன்னதில்லை. பெயர் சொல்லாத நோய் ‘உண்டு’ கணக்கில் வருமா, ‘இல்லை’ கணக்கில் வருமா? நான் மொழிபெயர்க்கத்தான் உட்கார்ந்திருந்தேன், கூட்டிச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறதா? அன்றைக்கு இல்லை என்று தோன்றியது. இப்போது இருந்தது என்று தோன்றுகிறது. நாளைக்கு என்ன தோன்றுமோ.

காத்திருக்கும் பெண்களிடம் ஆளுக்கொரு காரணம் இருந்தது. பிளாஸ்டிக் டப்பா, நான்ஸ்டிக் தோசைக்கல், மைக்ரோவேவ், டெல்லிக் காற்று. நான் எல்லாவற்றையும் நம்பினேன். நிலாவின் டிபன் பாக்ஸை எவர்சில்வருக்கு மாற்றினேன். தோசைக்கல்லைத் தூக்கிப்போட்டேன். நிலாவுக்கு எட்டாவது மாதத்திலேயே பால் வற்றிப்போனது, அது கணக்கில் சேருமா என்று கவலைப்பட்டேன். காற்றை மட்டும் ஒன்றும் செய்யமுடியவில்லை.

“காத்துதான் காரணம்னா டெல்லிக்காரன் பூராம் போயிருப்பாம்லா. ஒரு நல்ல தோசைக்கல்லப் போயித் தூக்கிப்போட்டுட்டா” என்றார் அத்தை.

4

டாக்டர் ‘மருமகள்தானே’ என்று சொன்ன நாளிலிருந்து குமார் ரத்தம் கொடுக்கவேண்டிய நாள் வரைக்கும் நான் வழக்கமான வேலைகளைத்தான் செய்துகொண்டிருந்தேன். நிலாவை ஸ்கூல் வேனில் ஏற்றுவது, அத்தைக்குக் கஞ்சி, மாலையில் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன். உள்ளே மட்டும் ஒரு முடிவுக்கும் வரமுடியவில்லை.

சொல்லிவிட்டால் எனக்கும் பார்க்கச் சொல்வார்கள். பார்த்தால் தெரிந்துபோகும். தெரிந்த பிறகு தெரியாமல் இருக்கமுடியாது. சொல்லாவிட்டால், டாக்டரே கவலையில்லை என்று சொன்ன பெண்ணாக இருக்கலாம். அவர் தெரியாமல் சொன்னதுதான். ஆனாலும் வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர் சொன்னது, அதை நான் கேட்டுப் பெறவில்லை, தானாகக் கிடைத்தது. சில சமயம் அதையே பிடித்துக்கொண்டு நன்றாகத் தூங்கினேன். குளிக்கும்போது மாரைத் தடவிப் பார்த்தால் அந்த நிம்மதி போய்விடும்.

எனக்கென்று மட்டும் இருந்தால்கூட ஒளித்துவிடுவேன் என்று நினைக்கிறேன். நிலாவுக்கு ஆறு வயது. அவளுக்குக் குமார் வழியாகவும் வரலாம், என் வழியாகவும் வரலாம். டாக்டர் ஒரு வழியைத்தான் பார்க்கிறார். குமாருக்கு இல்லை என்று முடிவு வந்தால், குழந்தைக்குப் பயமில்லை என்று சொல்லி அனுப்பிவிடுவார். அப்போது நான் என்ன செய்வேன்?

அந்த வாரத்தில்தான் நிலா ஒன்று கேட்டாள். அவளுக்குத் தமிழ் புரியும், ஆனால் பதில் இந்தியில்தான் வரும். ஸ்கூலில் அப்பாவின் அம்மா தாதி, அம்மாவின் அப்பா நானா என்று பாடம் நடத்தியிருக்கிறார்கள்.

“மம்மா, தாதி என் நானாவுக்கு அக்காவா? எப்படி? தாதி பாப்பா பக்கம், நானா உன் பக்கம். மேம் அப்படித்தான் சொன்னாங்க.”

“நமக்கு அப்படித்தான்மா. ரெண்டு பக்கமும் ஒரே வீடு.”

“அப்ப மேம்கிட்ட சொல்லட்டா?”

“வேண்டாம்” என்றேன். ஏன் என்று கேட்டாள். “வேண்டாம்னா வேண்டாம். சாப்பிடு” என்றேன். அவள் தட்டைப் பார்த்துக்கொண்டு, “நம்ம வீட்ல ஏதாவது தப்பா?” என்று இந்தியில் கேட்டாள்.

குமாரிடம் பேசினேன். அவர் ஆபீஸில் எதையும் முந்திக்கொண்டு சொல்லும் ஆள் இல்லை, வீட்டிலும் இல்லை.

“நீங்களாவது டாக்டர்கிட்ட சொல்லலாம்ல.”

“நான் அன்னைக்கு உள்ளயே வரல, சுபா. நீதான இருந்த.”

“இப்ப போறப்ப சொல்லலாம்.”

“சொல்லலாம்” என்றார். பிறகு, “அம்மா என்ன நெனைப்பா?” என்றார்.

எனக்கும் அதே கேள்விதான். எனக்கு வெளியில் ஒரு நல்ல இடம் பேசிக்கொண்டிருந்தார்கள். அத்தைதான் தட்டோடு வந்து, “எந் தம்பி மவள நான் வெளிய விடமாட்டேன்” என்று கேட்டு வாங்கிக்கொண்டவர். அதை இன்றைக்கும் எல்லோரிடமும் சந்தோஷமாகச் சொல்வார். அந்தச் சந்தோஷத்தின் மேல் இதைக் கொண்டுபோய் எப்படி வைப்பது?

5

குமாருக்கு ரத்தம் எடுத்து முடித்தார்கள். மூவரும் டாக்டரின் மேஜைக்கு முன்னால் இருந்தோம். கதவு எப்போதும் பாதி திறந்தே இருக்கும். அடுத்த டோக்கன்காரர்கள் நாலைந்து பேர் உள்ளே தலையை நீட்டிக்கொண்டு நிற்பார்கள். முடிவு எப்போது வரும் என்று டாக்டர் சொன்னார். எழுந்திருக்கவேண்டியதுதான் பாக்கி. குமார் என்னைப் பார்த்தார், நான் குமாரைப் பார்த்தேன்.

அத்தை எழுந்திருக்கவில்லை. “ஒனக்கு எடுக்கலையாளா?” என்றார் என்னிடம்.

“எனக்கு வேண்டாமாம் அத்தை.”

“ஏன் வேண்டாம்? கூடப்பொறந்தவங்களுக்கும் அவுங்க பிள்ளைகளுக்கும் இருக்கலாம்னுதான நீ சொன்ன.”

“நான் மருமகளாம். அதனால வேண்டாம்னுட்டாங்க.”

அத்தை என் முகத்தையே பார்த்தார். “நீ யாருன்னு சொல்லலியா?”

குமார், “விடும்மா, இங்க அதெல்லாம் வேற மாதிரி நெனைப்பாங்க. தனியா ஒருநாள் வந்து...” என்று இழுத்தார்.

“என்ன வேற மாதிரி? நான் என்ன திருடியா கெட்டி வச்சேன்?”

டாக்டர், என்ன பிரச்சினை என்று இந்தியில் கேட்டார். ஒரு வருஷத்தில் அத்தை பிடித்துவைத்திருந்த இந்தி, பாக்கெட் பால் வாங்கவும் லிப்டில் மாடி சொல்லவும்தான் போதும். அதை வைத்துக்கொண்டு, என் தோளில் கையைப் போட்டு அவர் சொன்னார்:

“யே மேரா பாயி கா பேட்டி.” என் தம்பி மகள். பிறகு குமாரைக் காட்டி, என்னைக் காட்டி, “பஹு பீ. தோனோ.” மருமகளும்தான், இரண்டும்.

கதவருகில் ஒருத்தி இன்னொருத்தியிடம் என்னவோ முணுமுணுத்தாள். ரேணு ஆன்ட்டியின் கை பட்டாணியில் நின்றதுபோல டாக்டரின் கையும் நிற்கும் என்று எதிர்பார்த்தேன். அவர் பேனாவை மூடி வைத்திருந்தார், மறுபடி திறந்தார்.

“உங்க அப்பாவோட அக்காவா இவங்க? சொந்த அக்கா?”

“ஆமா, டாக்டர்.”

“மருமகள்னு சொன்னதும் நான் மேல கேக்கல. கேட்டிருக்கணும்” என்றார். வருத்தப்பட்டாரா, எரிச்சலா என்று தெரியவில்லை. நிலாவுக்கு எத்தனை வயது என்று மறுபடி கேட்டார். ஆச்சியைப் பற்றிக் கேட்டார். இந்தத் தடவை நான் அத்தையிடம் கேட்காமலே சொன்னேன், வயிறு வீங்கியதையும், மூத்த அத்தையின் புண்ணையும். அத்தை மறுக்கவில்லை. வயிற்றில் வந்ததுகூட இதோடு சேர்ந்ததாக இருக்கலாம், சூலகத்தில் வரும் வகை உண்டு என்றார் டாக்டர். உறுதியாகச் சொல்ல இப்போது வழியில்லை.

“அப்பா இருக்காரா?”

“இருக்கார். கோவில்பட்டியில் உரக்கடை.”

“அப்ப முதல்ல அவருக்குப் பாக்கணும். அவருக்கு இந்த மாற்றம் இல்லைன்னா, உங்களுக்கு அவர் வழியா வர வழியில்ல. இருந்தா, உங்களுக்குப் பார்ப்போம்.”

ஆண்களுக்கு எப்படி இருக்கும் என்று கேட்டேன். ஆண்கள் நோய் வராமலே சுமந்து, பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம் என்றார். வெளியே வரும்போது கதவருகில் நின்ற பெண்கள் எங்களுக்கு வழிவிட்டார்கள். யாரும் சிரிக்கவில்லை. அவரவர் டோக்கன் அவரவருக்கு.

ஆட்டோவில் அத்தை ஆஸ்பத்திரிச் சீட்டை மடித்துப் பைக்குள் வைத்தார். பிறகு, “ஒன்ன நான் கேட்டு வந்துருக்கக் கூடாதோ?” என்றார். இல்லை அத்தை என்று உடனே சொல்லியிருக்கலாம். நான் யோசித்துவிட்டேன். வெளியில் கட்டிக்கொடுத்திருந்தாலும் அப்பாவின் ரத்தம் எனக்கு அப்பாவின் ரத்தம்தான், நிலாவுக்குத்தான் இரண்டு பக்கம் என்பது வந்திருக்காது, ஆனால் அவள் நிலாவாகவும் இருந்திருக்கமாட்டாள், இப்படியெல்லாம். யோசித்து முடிப்பதற்குள் வீடு வந்துவிட்டது.

6

அப்பாவிடம் யார் சொல்வது என்பது மிச்சமிருந்தது. அவருக்குத் தெரிந்தது, அக்காவுக்கு ஒரு கட்டி, டெல்லியில் ஆபரேஷன், சரியாகிவிட்டது என்பது மட்டும்தான். நான் போனைக் கையில் எடுத்துக்கொண்டு ஹாலுக்கும் சமையலறைக்கும் நடந்தேன். முதலில் என்ன சொல்வது, எந்த வார்த்தையில் தொடங்குவது? அத்தை கையை நீட்டினார்.

“கொண்டா. எனக்குத் தம்பி, நான் சொல்லுதேன்.”

ஸ்பீக்கரில் போட்டுக் கொடுத்தேன். கடையில் யாரோ யூரியா மூட்டை இறக்கும் சத்தம் கேட்டது.

“ஏல, சாப்ட்டியா?”

“சாப்ட்டேன்க்கா. நீ எப்படியிருக்க? கட்டி எடுத்த எடம் வலிக்குதா?”

“வலியெல்லாம் இல்ல. ஏல, அது வெறுங் கட்டி இல்ல. கேன்சரு.”

எங்கள் வீட்டில் அந்த வார்த்தையைச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அத்தை அதைச் சத்தமாக, கடைக்குப் போய்வந்த விவரம் மாதிரிச் சொன்னார்.

“எப்பலருந்து?”

“வந்ததுலருந்தே. ஒனக்குத்தான் சொல்லல. இப்ப மருந்தெல்லாம் முடிஞ்சிட்டு, நல்லாத்தான் இருக்கேன்.”

“அப்ப, நம்ம அம்மாவுக்கு?”

“அதாத்தான் இருக்கும் போல.”

“அவளுக்கு வயித்துலதானக்கா.”

“வயித்துலயும் வருமாம்.”

“பெரியக்காவுக்கு?”

“ம்.”

அப்பா கடையில் யாரையோ “அப்புறம் வாங்க” என்று அனுப்புவது கேட்டது. அத்தை தொடர்ந்தார். “நீ ரத்தம் குடுக்கணும். திருநவேலில எடுத்து அனுப்புனாப் போதுமாம்.”

“எனக்கு எதுக்கு? எனக்கு ஒண்ணும் இல்லையே.”

“ஒனக்காக இல்லல. ஒன் வழியாப் பிள்ளைக்கு இருக்கான்னு பாக்கதுக்கு.”

“எந்தப் பிள்ளைக்கு?” என்று கேட்டவர், அத்தை பதில் சொல்வதற்குள், “சுபாவுக்கா?” என்றார்.

அதுவரை எல்லாவற்றையும் நிதானமாகச் சொல்லிவந்த அத்தையால் அதற்கு ஒரு ‘ம்’ சொல்லமுடியவில்லை. போனை என் பக்கம் நீட்டினார். ஸ்பீக்கரை நிறுத்திவிட்டுக் காதில் வைத்துக்கொண்டேன். ஆறுதலாக ஒன்று சொல்லவேண்டும் என்று தேடினேன். அவரும் தேடியிருப்பார் போல.

“நாளைக்கே போறேம்மா” என்றார். “வெறும் வயித்துல போணுமா, சாப்ட்டுட்டுப் போலாமா?”

இதை நான் டாக்டரிடம் கேட்கவே இல்லை.

“தெரியலப்பா” என்றேன். “கேட்டுச் சொல்லுதேன்.”